கேபிளும் ரௌட்டரும் சரி, நெட் மட்டும் இல்லை: விண்டோஸின் இணைப்பு மென்பொருளைச் சரிசெய்வது எப்படி?

கடலூரிலும் புதுச்சேரியிலும் நெட் நின்றால் முதல் பழி ரௌட்டர் மேல் விழும், அடுத்தது லைன்காரர் மேல். அவர் வந்து தன் லேப்டாப்பில் கேபிளைச் செருகுவார், நெட் ஓடும். "உங்க சிஸ்டம்லதான் சார் பிரச்சினை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். பெரும்பாலும் அது உண்மைதான். சிஸ்டத்தில் எந்த இடத்தில் என்பதுதான் சொல்லப்படாமல் போகும். அடுத்து கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் "ஃபார்மட் போட்டுடலாம்" என்பார்கள். ஃபார்மட் போட்டால் நெட் வரும், சரி. டேலி டேட்டா, பிரிண்டர் டிரைவர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் மென்பொருள் எல்லாவற்றையும் திரும்பப் போட ஒரு நாள் போய்விடும். பத்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு அது தேவையில்லை.

இங்கே சொல்வது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். 10-க்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஆனாலும் நம் பக்கத்துப் பில்லிங் கவுன்ட்டர்களில் இன்னும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் பிரித்துப் பாருங்கள்

அதே வைஃபையில் உங்கள் போனில் நெட் வருகிறதா? வராவிட்டால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், லைன்காரரைக் கூப்பிடுங்கள். போனில் வந்து கணினியில் மட்டும் வரவில்லை என்றால், ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளால் கணினியில் செருகி, போனின் ஹாட்ஸ்பாட் பகுதியில் இருக்கும் 'யூஎஸ்பி டெத்தரிங்' என்பதை ஆன் செய்யுங்கள். சில நொடிகளில் கணினியில் 'ஈதர்நெட் 2' என்பது போன்ற ஒரு புதிய இணைப்பு தோன்றும். இதற்கு வேண்டிய டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. கணினியின் லேன் கார்டு, வைஃபை கார்டு இரண்டையும் இது தொடுவதில்லை. அதனால்தான் இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடுகிறது.

டெத்தரிங்கில் நெட் ஓடினால் விண்டோஸின் அடிப்படை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கோளாறு கார்டின் டிரைவரில், அந்தக் கார்டுக்கு மட்டும் போட்டிருக்கும் ஐபி (நெட்வொர்க்கில் கணினியின் எண் முகவரி) அமைப்பில், அல்லது கேபிளில் இருக்கும். டெத்தரிங்கிலும் ஓடாவிட்டால் டிரைவரைத் தோண்ட வேண்டாம். எல்லாக் கார்டுகளுக்கும் பொதுவான மென்பொருள் உடைந்திருக்கிறது: வின்சாக் (மென்பொருள்கள் நெட்டுக்கு வழி கேட்கும் பகுதி), டிசிபி/ஐபி (கணினிகள் நெட்டில் பேசிக்கொள்ளும் விதிகள்), ப்ராக்ஸி (நெட்டுக்கு நடுவே நிற்கும் இடைத்தரகர்), அல்லது ஆன்ட்டிவைரஸ் விட்டுச்சென்ற மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. டெத்தரிங் கிடைத்ததும் விண்டோஸ் அப்டேட் பின்னால் இறங்க ஆரம்பித்து உங்கள் அன்றைய டேட்டாவைக் குடித்துவிடும். செட்டிங்ஸில் அந்த இணைப்பைத் திறந்து 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதை ஆன் செய்துவிடுங்கள்.

கட்டளை அடிக்கும் முன்

ஸ்டார்ட் அழுத்தி சி-எம்-டி என்று அடியுங்கள். 'கமாண்ட் ப்ராம்ப்ட்' வரும். அதன் மேல் வலது கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். சாதாரணமாகத் திறந்தால் ரீசெட் கட்டளைகள் ஓடாது, 'எலிவேஷன் தேவை' என்று மறுக்கும். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான்.

கட்டளைகளை இங்கே போனில் சொல்வது போல எழுத்து எழுத்தாகச் சொல்கிறோம். டீ என்று நீட்டினால் டைகரின் டீ, டி என்று குறுக்கினால் டெல்லியின் டி. பி வரும் இடமெல்லாம் பாண்டிச்சேரியின் பி.

பாண்டியில் இன்னொரு வில்லங்கம் உண்டு. பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவந்த லேப்டாப்பாக இருந்தால் விசைப்பலகையே வேறு. அதில் ஏ-யும் க்யூ-வும் இடம் மாறியிருக்கும், டபிள்யூ-வும் இசட்-டும் மாறியிருக்கும். எண்களுக்கு ஷிஃப்ட் அழுத்த வேண்டும், முற்றுப்புள்ளிக்கும் ஷிஃப்ட் வேண்டும். பழக்கதோஷத்தில் 8.8.8.8 என்று அடித்தால் திரையில் அடிக்கோடும் அரைப்புள்ளியுமாக வரும். ஸ்லாஷ் வேண்டுமானால் ஷிஃப்டோடு முக்காற்புள்ளி விசையை அழுத்துங்கள். விண்டோஸும் பிரெஞ்சில் இருந்தால் பொத்தான்களின் பெயர் மாறுமே தவிர, கீழே வரும் கட்டளைகள் அப்படியேதான்.

நான்கு பிங்

முதலில் ஐ-பி-சி-ஓ-என்-எஃப்-ஐ-ஜி, ஓர் இடம் விட்டு, ஸ்லாஷ், ஏ-எல்-எல். என்டர் தட்டியதும் நீளமாக ஒரு பட்டியல் ஓடும். அதை அப்படியே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நோயைக் கண்டுபிடிக்க இது வேண்டும். பிறகு எல்லாவற்றையும் பழையபடி வைக்கவும் வேண்டும்.

பட்டியலில் ஐபிவி4 முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரௌட்டர் கொடுத்த முகவரி அல்ல. ரௌட்டரிடம் கேட்டும் பதில் வராததால் விண்டோஸ் தானாக ஒட்டிக்கொண்ட முகவரி அது. 192.168 என்று தொடங்கினால் ரௌட்டர் வரைக்கும் வழி இருக்கிறது என்று பொதுவாக நம்பலாம், யாராவது கையால் போட்டு வைத்திருந்தால் தவிர. 'டிஹெச்சிபி எனேபிள்டு' என்ற வரியில் 'நோ' என்று இருந்தால் கையால் போட்டது.

அடுத்து பி-ஐ-என்-ஜி, ஓர் இடம் விட்டு, கீழே வரும் முகவரி. 'இருக்கிறாயா?' என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் கட்டளை இது. நான்கு முறை, நான்கு முகவரிகளுக்கு, இதே வரிசையில்.

127.0.0.1. இது கணினி தன்னையே கூப்பிட்டுப் பார்ப்பது. இதற்கே பதில் இல்லையென்றால் டிசிபி/ஐபி உடைந்திருக்கிறது.

டீஃபால்ட் கேட்வே. பட்டியலில் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. இது ரௌட்டர். இதற்குப் பதில் இல்லையென்றால் டிரைவர், கேபிள், ஐபி அமைப்பு ஆகியவற்றைப் பாருங்கள்.

8.8.8.8. கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர், அதாவது தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தரும் கணினி. பதில் வந்தால் வெளி உலகம் வரை பாதை திறந்திருக்கிறது.

கடைசியாக கூகுள் டாட் காம் என்ற பெயர். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் பெரும்பாலும் டிஎன்எஸ்தான் கோளாறு.

பதில் வராதபோது திரையில் வரும் வாசகத்தையும் கவனியுங்கள், எல்லாத் தோல்வியும் ஒன்றல்ல. 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்றால் போன செய்திக்குப் பதில் திரும்பவில்லை. 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்றால் போக வழியே இல்லை. 'ட்ரான்ஸ்மிட் ஃபெயில்டு, ஜெனரல் ஃபெயிலியர்' என்றால் செய்தி கணினியை விட்டே கிளம்பவில்லை. உள்ளே ஏதோ மறிக்கிறது. ஆன்ட்டிவைரஸின் அல்லது விபிஎன்னின் (நெட்டை வேறொரு சர்வர் வழியே மறைத்து அனுப்பும் மென்பொருள்) மிச்சமா என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

நான்குக்கும் அழகாகப் பதில் வந்து பிரவுசர் மட்டும் திறக்காத நிலையும் உண்டு. புதியவர்களை அதிகம் குழப்புவது இதுதான். "பிங் வருதே, அப்புறம் என்ன?" என்று ரௌட்டரை ஆஃப் செய்து ஆன் செய்துகொண்டே இருப்பார்கள். பிரவுசர் வின்சாக் வழியாகத்தான் வெளியே போகிறது. பிங் எண்ணுக்கு அனுப்பும் செய்தி அந்த வழியே போவதில்லை. அதனால் வின்சாக் படுத்தாலும் 8.8.8.8 பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

சுலபமானவை முதலில்

ரீசெட்டுக்குப் போவதற்கு முன் ஐந்து நிமிடத்தில் பார்க்கக்கூடியவை சில. கடிகாரம் சரியா? மதர்போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்த பழைய கணினிகளில் மின்சாரம் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பானால் பிரவுசர் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று எல்லாத் தளத்தையும் மறுக்கும். நெட் நன்றாகத்தான் இருக்கும். பேட்டரி மாற்றினால் போதும்.

செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', அதற்குள் 'ப்ராக்ஸி'. கையால் ப்ராக்ஸி போடும் இடத்தில் 127.0.0.1 என்ற முகவரி உட்கார்ந்திருக்கிறதா? நீங்களோ அலுவலகமோ போடாதது என்றால், ஏதோ ஒரு விளம்பர மென்பொருள் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. மென்பொருளை நீக்கிய பிறகும் இந்த வரி நின்றுவிடும். பிரவுசர் இல்லாத கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஆஃப் செய்யுங்கள்.

பெயருக்கு மட்டும் பதில் வரவில்லை என்றால் ஐபிகான்ஃபிக், இடம், ஸ்லாஷ், எஃப்-எல்-யூ-எஸ்-எச்-டி-என்-எஸ், எல்லாம் ஒட்டி ஒரே சொல்லாக. அதிலும் தீராவிட்டால் அந்தக் கார்டின் ஐபிவி4 அமைப்பில் டிஎன்எஸ் முகவரிகளாக 8.8.8.8, 1.1.1.1 இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

வின்சாக் ரீசெட்

வின்சாக் என்பது விண்டோஸ் சாக்கெட்ஸ். பிரவுசர், மெயில், டேலி என்று எந்த மென்பொருளும் நெட்டுக்குப் போக இதனிடம்தான் வழி கேட்க வேண்டும். இதன் பட்டியலுக்குள் மற்ற நிறுவனங்களும் தங்கள் கண்ணியைச் சொருகிக்கொள்ளலாம் என்று ஒரு வசதியை மைக்ரோசாஃப்ட் கொடுத்திருந்தது. லேயர்டு சர்வீஸ் புரொவைடர் என்று பெயர். ஆன்ட்டிவைரஸ்கள் நல்ல எண்ணத்தோடு சொருகின, விளம்பர மென்பொருள்கள் கெட்ட எண்ணத்தோடு சொருகின. பூமாலையில் நடுவே ஒரு பூவைப் பிடுங்கினால் நாரும் அறுந்துவிடுவது போல, அவற்றை முறையாக நீக்காமல் கோப்பை மட்டும் அழித்தால் சங்கிலி அறுந்து மொத்த நெட்டும் போய்விடும். விண்டோஸ் 8 காலத்திலிருந்து இந்த வசதியைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். பழைய மென்பொருள்களோ இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

வின்சாக் உடைந்ததற்கு அடையாளம்: ஐபியைப் புதுப்பிக்கச் சொன்னால், 'சாக்கெட் அல்லாத ஒன்றின் மேல் செயல் முயலப்பட்டது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பிழை வரும். அல்லது ட்ரபுள்ஷூட்டர், 'நெட்வொர்க் புரோட்டோகால் ஒன்றோ பலவோ காணவில்லை' என்று சொல்லும்.

கட்டளை இது: என்-இ-டீ-எஸ்-எச், இடம், டபிள்யூ-ஐ-என்-எஸ்-ஓ-சி-கே, இடம், ஆர்-இ-எஸ்-இ-டீ. 'வெற்றிகரமாக ரீசெட் ஆனது, கணினியை ரீஸ்டார்ட் செய்யவும்' என்று பதில் வரும்.

உடனே ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம். அடுத்ததையும் அடித்துவிடுவோம்: என்-இ-டீ-எஸ்-எச், இடம், ஐ-என்-டீ, இடம், ஐ-பி, இடம், ஆர்-இ-எஸ்-இ-டீ. இது ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) இருக்கும் டிசிபி/ஐபி பதிவுகளைப் புதிதாக எழுதும். 'ஓகே' என்று வரிசையாக வரும், நடுவில் ஒரே ஒரு வரி 'ஃபெயில்டு, ஆக்ஸஸ் டினைடு' என்றும் வரலாம். அந்த ஒரு வரிக்குப் பதற வேண்டாம். மற்றவை ஓகே என்றால் ரீசெட் பெரும்பாலும் வேலை செய்துவிடும். எல்லா வரியும் மறுத்தால்தான் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கவில்லை என்று பொருள்.

இந்த இரண்டாவது கட்டளை கையால் போட்ட ஐபி, டிஎன்எஸ் எல்லாவற்றையும் துடைத்துவிடும். வீட்டுக் கணினிக்கு அது பெரிய விஷயமில்லை. திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவில் மூன்று பில்லிங் கணினிகள் ஒரு சர்வரைப் பார்த்து ஓடும் கடையை நினைத்துப் பாருங்கள். சர்வர் கணினிக்குக் கையால் ஓர் ஐபி போட்டிருப்பார்கள். அதை ரீசெட் செய்தால் சர்வருக்கு நெட் வந்துவிடும், ஆனால் மூன்று கவுன்ட்டரும் சர்வரைத் தேடிக்கொண்டு நிற்கும். முதலில் படம் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். பிராட்பேண்டுக்கான யூசர்நேமும் பாஸ்வேர்டும் ரௌட்டரில் இல்லாமல் கணினியிலேயே போட்டிருந்தால் அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ரீஸ்டார்ட். ஷட்டௌன் செய்து பிறகு ஆன் செய்வது இதற்கு ஈடாகாது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்ற வசதி இருப்பதால், ஷட்டௌன் செய்யும்போது விண்டோஸின் உள்பகுதி வட்டில் அப்படியே சேமிக்கப்பட்டு, ஆன் செய்யும்போது பழையதே எழுந்து வரும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும். "ரீசெட் போட்டேன், ஒண்ணும் ஆகல" என்பவர்களில் நிறையப் பேர் ராத்திரி ஷட்டௌன் செய்துவிட்டுக் காலையில் ஆன் செய்தவர்கள்தான்.

எக்ஸ்பி காலத்து 'வின்சாக் ஃபிக்ஸ்' வகைச் சின்ன இலவச மென்பொருள்களை இன்னும் பென்டிரைவில் வைத்திருப்பவர்கள் உண்டு. ரெஜிஸ்ட்ரியில் வின்சாக் பகுதியையே அழிக்கச் சொல்லும் பழைய குறிப்புகளும் கிடைக்கும். விண்டோஸ் 10, 11-இல் இரண்டும் வேண்டாம்.

டிரைவர்

டெத்தரிங்கில் ஓடி, சொந்தக் கார்டில் ஓடாதவர்களுக்கான பகுதி இது. ஸ்டார்ட் பொத்தான் மேல் வலது கிளிக், 'டிவைஸ் மேனேஜர்', அதில் 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்'. மஞ்சள் முக்கோணம் இருந்தால் இரண்டு முறை கிளிக் செய்து 'கோடு' என்ற பிழைக் குறியீட்டு எண்ணைப் பாருங்கள். கோடு 28 என்றால் டிரைவரே இல்லை. 10 என்றால் டிரைவர் இருந்தும் கார்டு கிளம்பவில்லை. 56 என்றால் பெரும்பாலும் விபிஎன் மென்பொருள் குறுக்கே நிற்கிறது.

டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்று பலர் முதலில் 'அன்இன்ஸ்டால்' தட்டிவிடுவார்கள். புதிய டிரைவரை இறக்க நெட் வேண்டுமே! டெத்தரிங்கில் அல்லது வேறு கணினியில் டிரைவரை இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு பிறகு அழியுங்கள். லேப்டாப் என்றால் அதைச் செய்த நிறுவனத்தின் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். அசெம்பிள் செய்த கணினியில் கார்டு யாருடையது என்றே தெரியாவிட்டால், அதே ஜன்னலில் 'டீடெயில்ஸ்', அதில் 'ஹார்டுவேர் ஐடி'. வி-இ-என் என்ற எழுத்துகளுக்குப் பின் எண்ணும் எழுத்துமாக நான்கு குறிகள் வரும். 8086 என்றால் இன்டெல். 10-க்குப் பின் இ-சி என்றால் ரியல்டெக். 14-க்குப் பின் இ-4 என்றால் பிராட்காம். விளம்பரத்தோடு வரும் 'டிரைவர் அப்டேட்டர்' மென்பொருள்களை மட்டும் தொடாதீர்கள், இருக்கும் கோளாறு போதும்.

அழித்தபின் 'ஆக்‌ஷன்' மெனுவில் 'ஸ்கேன் ஃபார் ஹார்டுவேர் சேஞ்சஸ்' கொடுத்தால் கார்டு மறுபடி தென்படும்.

ஆன்ட்டிவைரஸ், விபிஎன் மிச்சங்கள்

'ஜெனரல் ஃபெயிலியர்' வந்தவர்கள் இங்கே வாருங்கள். இணைப்பின் 'ப்ராப்பர்டீஸ்' ஜன்னலைத் திறந்தால் டிக் போட்ட ஒரு சிறு பட்டியல் இருக்கும். அதில் நீக்கிவிட்ட ஆன்ட்டிவைரஸின் பெயரோ விபிஎன்னின் பெயரோ இன்னும் இருந்தால் டிக்கை எடுத்துப் பாருங்கள். நெட் வந்துவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது. அந்த ஆன்ட்டிவைரஸ் நிறுவனமே தரும் நீக்கும் கருவியை இறக்கி ஓட்டுங்கள். சாதாரண அன்இன்ஸ்டாலில் இந்த வடிகட்டி டிரைவர்கள் முழுதாகப் போவதில்லை. சில விபிஎன்களில் 'கில் ஸ்விட்ச்' உண்டு, விபிஎன் அறுந்தால் எல்லா நெட்டையும் மறித்துவிடும். அது ஆனில் இருக்கும்போது மென்பொருளை நீக்கினால் மறிப்பு மட்டும் நின்றுவிடும். அதே விபிஎன்னைத் திரும்பப் போட்டு, கில் ஸ்விட்ச்சை ஆஃப் செய்து, பிறகு முறையாக நீக்குவதே சுருக்கமான வழி.

புயலுக்குப் பிறகு வரும் கோளாறு

2011 டிசம்பர் 30-இல் தானே, 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் என்று நம் கரையில் ஏறும் புயல்கள் கணினிக்குச் செய்யும் கெடுதல் மழைநீரால் மட்டும் அல்ல. கரன்ட் போய் வந்து போய் வந்து, யூபிஎஸ் இல்லாத கணினி எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். விண்டோஸின் கோப்புகள் பாதியில் கெட்டுப்போகும். ரீசெட் செய்தும் திரும்பத் திரும்ப அதே கோளாறு வந்தால் எஸ்-எஃப்-சி, இடம், ஸ்லாஷ், ஸ்கேன், நவ் இரண்டையும் ஒட்டி அடியுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கில் அரை மணி நேரம்கூட ஆகலாம், நடுவில் மூடாதீர்கள். 'சில கோப்புகளைச் சரிசெய்ய முடியவில்லை' என்று வந்தால் டி-ஐ-எஸ்-எம், அதன்பின் ஸ்லாஷோடு ஆன்லைன், ஸ்லாஷோடு க்ளீனப்-இமேஜ், ஸ்லாஷோடு ரெஸ்டோர்ஹெல்த். ஒவ்வொரு ஸ்லாஷுக்கு முன்னும் ஓர் இடம் விடுங்கள். க்ளீனப்புக்கும் இமேஜுக்கும் நடுவில் சிறு கோடு வேண்டும், மற்றச் சொற்கள் ஒட்டி வரும். இது நல்ல கோப்புகளை விண்டோஸ் அப்டேட்டிலிருந்து இறக்கும் என்பதால் நெட் வேண்டும். டெத்தரிங் ஓடினால் அது போதும். முடிந்தபின் எஸ்எஃப்சியை இன்னொரு முறை ஓட்டுங்கள்.

இடி விழுந்த பிறகு லேன் போர்ட்டில் விளக்கே எரியவில்லை என்றால் எந்தக் கட்டளையும் உதவாது, போர்ட் போய்விட்டது.

கடைசிப் பொத்தான்

செட்டிங்ஸ், 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', விண்டோஸ் 11 என்றால் அதற்குள் 'அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்', கீழே 'நெட்வொர்க் ரீசெட்'. எல்லா நெட்வொர்க் கார்டுகளையும் நீக்கி மறுபடி நிறுவும். அழுத்தியதும் ஐந்து நிமிடம் கழித்துத் தானாக ரீஸ்டார்ட் ஆகும், அதற்குள் திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிடுங்கள். வைஃபை பாஸ்வேர்டை மறுபடி போட வேண்டும். விபிஎன் இருந்தால் திரும்ப நிறுவ வேண்டியிருக்கலாம். இன்னொன்று: இதன்பின் இணைக்கும் நெட்வொர்க்கை விண்டோஸ் 'பப்ளிக்' என்று குறித்துக்கொள்ளும். நெட் வந்துவிட்டது, ஆனால் பக்கத்துக் கணினியின் பிரிண்டர் காணோம் என்றால் காரணம் இதுதான். அந்த இணைப்பின் அமைப்பில் 'பிரைவேட்' என்று மாற்றி, போனில் எடுத்த படத்தைப் பார்த்து ஐபியையும் போட்டுவிடுங்கள்.

இத்தனைக்கும் மசியாவிட்டால் உபுண்டு ஏற்றிய பென்டிரைவிலிருந்து கணினியைத் துவக்கி, நிறுவாமல் 'ட்ரை' கொடுத்துப் பாருங்கள். அங்கே அதே கேபிளில் நெட் ஓடினால் கார்டு நன்றாக இருக்கிறது, விண்டோஸை மட்டும் கோப்புகளை வைத்துக்கொண்டு மறுபடி நிறுவினால் போதும். அங்கேயும் ஓடாவிட்டால் கேபிளின் முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கடலூர் முதுநகர், வீராம்பட்டினம் போல உப்புக்காற்று நேராக அடிக்கும் இடங்களில் அந்த எட்டுத் தகடுகளில் பச்சை பூத்திருக்கும். முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். போர்ட்டுக்குள்ளேயும் பச்சை தெரிந்தால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி லேன் அடாப்டரை வாங்கிச் செருகிவிட்டு, பழைய போர்ட்டை டிவைஸ் மேனேஜரில் 'டிசேபிள்' செய்துவிடுங்கள்.